ஓவியம் வரையும் நண்பனுக்கு

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் நீண்ட கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. இந்தக் காலத்திலும் கைப்பட எழுதித் தபாலில் சேர்க்கிற ஒரே மனிதன் நீதான் என்று வீட்டில் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, நான் படித்து முடித்ததும் வாங்கி அவர்களும் படித்தார்கள். என் இடது கண்ணுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. வலது கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை என்பதால், கண்களை மாறி மாறி மூடிக்கொண்டு ஒரே வானத்தை இரண்டு நிறங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதுக் கண்ணில் நீலம் நம்ப முடியாத அளவுக்கு நீலமாக இருக்கிறது. உன் மனைவியின் மூட்டு வலி குறைந்திருக்கிறதா என்று என் மனைவி தனியாக விசாரிக்கச் சொன்னாள். பிள்ளைகள் நலம். ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியருக்கு வேலை எதுவும் இருக்காது என்று நம்புகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பதால், விடுமுறை வேதாகமப் பள்ளியின் மேடைத் திரைகள் அனைத்தும் இந்த ஆண்டும் என் தலையில்தான் விழுந்தன.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆலயத்தின் பக்கச் சுவருக்காக நீ வரைந்த, கிணற்றடியில் கிறிஸ்துவைச் சந்தித்த சமாரியப் பெண்ணின் படத்தை ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகர கமிட்டி ஏற்கவில்லை என்பதையும், கிறிஸ்துவின் நிறம் கறுப்பாக இருக்கிறது, அந்தப் பெண்ணின் இடுப்பில் பிளாஸ்டிக் குடம் இருக்கிறது என்று இரண்டு குறைகள் சொல்லப்பட்டன என்பதையும், கடைசியில் கணினி சில நொடிகளில் உருவாக்கிய படமொன்றை வினைலில் அச்சடித்து அங்கே ஒட்டிவிட்டார்கள் என்பதையும் படித்தேன். அதையும் உன் பிளக்ஸ் கடையிலேயே அச்சடிக்கக் கொடுத்தார்கள் என்ற வரியைப் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடிதத்தின் முடிவில், இனிமேல் கடை வேலையோடு நிறுத்திக்கொள்ளப் போவதாகவும், ஓவியத்துக்குச் செலவிட்ட காலத்தை உருப்படியான ஊழியத்துக்குக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறாயே, அதை என்னால் அப்படியே விட முடியவில்லை. கமிட்டியின் மறுப்பு வெளியிலிருந்து வந்த தடை. இந்த இரண்டாவது எண்ணம் உனக்குள்ளேயே இருந்து, மறுப்பைச் சாக்காக வைத்து வெளியே வந்திருக்கிறது. உன்னை நிறுத்தக்கூடியது முதலாவது அன்று, இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவதைப் பற்றி முதலில் சொல்கிறேன். கும்பகோணத்தில் நாம் படித்த நாட்களில் ஆஞ்செலோ ட ஃபொன்சேகாவின் பெயரை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. 1902-இல் கோவாவில் பிறந்த கத்தோலிக்கர் அவர். பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்து, அங்கே கற்பிக்கப்பட்ட ஐரோப்பிய முறை போதாது என்று உணர்ந்து சாந்திநிகேதனுக்குப் போய், அபனீந்திரநாத் தாகூரிடமும் நந்தலால் போஸிடமும் பயின்றவர். ஊர் திரும்பியதும் மரியாளைப் புடவை உடுத்திய இந்தியப் பெண்ணாகவும், கிறிஸ்துவை இந்த மண்ணின் மனிதராகவும் வரைந்தார். அன்றைய போர்த்துகீசியக் கோவாவின் திருச்சபை வட்டாரத்தில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சொந்த ஊரில் வரைய இடமில்லாமல் அவர் புனேவுக்குப் போக நேர்ந்தது. அங்கே அவருக்கு அடைக்கலம் தந்தது ஆங்கிலிக்கர்கள் நடத்திய கிறிஸ்த பிரேம சேவா சங்கத்தின் ஆசிரமம். ஒரு கத்தோலிக்க ஓவியர், தம் சபையார் வேண்டாமென்று ஒதுக்கிய மாதாவை இன்னொரு சபையாரின் ஆசிரமத்தில் இருந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் வரைந்தார் என்பதை நினைத்துப் பார். 1967-இல் அவர் காலமானார். உள்ளூர்ப் பண்பாட்டின் வடிவங்களுக்கு வழிபாட்டில் இடம் தந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் முடிந்திருந்தது. அவருடைய மனைவி பாதுகாத்துக் கொடுத்த ஓவியங்கள் இன்று கோவாவிலேயே, போர்வோரிமில் உள்ள சேவியர் வரலாற்று ஆய்வு மையத்தில் இருக்கின்றன.

எதிர்ப்புக்கு ஆளாகிறவன் எப்போதும் சரியானவன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படி நினைப்பது கலைஞர்களாகிய நமக்கு மிகவும் வசதியான மயக்கம். தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரையே எடுத்துக்கொள். பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்து, குறவஞ்சி என்னும் நாட்டு வடிவத்தையே பெத்லகேமுக்குக் கொண்டுபோனவர். பின்னால் வந்த மிஷனரிகளோடு அவருக்குப் பெரிய பிணக்கு உண்டாகி, மிஷன் வேலையே போயிற்று. அரண்மனை ஆதரவு இருந்ததால் பிழைத்தார். தமிழ் இசையை ஆராதனையிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று அவர் வாதாடியதில் நியாயம் அவர் பக்கம் இருந்தது. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியார் உயிரோடிருந்தார். இன்று நம் ஆலயங்களில் கீர்த்தனை இல்லாத ஞாயிறு உண்டா? ஆனால் அதே பிணக்கில், சாதி வேற்றுமையைச் சபைக்குள் விடக் கூடாது என்று மிஷனரிகள் வற்புறுத்தியதையும் அவர் எதிர்த்து எழுதினார். அங்கே நியாயம் அவர் பக்கம் இல்லை. இசையில் முன்னே நின்ற மனிதர் பந்தியில் பின்னே நின்றார். எனவே, கமிட்டி மறுத்ததால் உன் படம் உயர்ந்ததாகவும் ஆகாது, தாழ்ந்ததாகவும் ஆகாது. படத்தைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீ அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்தவரையில் கிறிஸ்துவின் நிறத்தில் எனக்குக் குறையே தெரியவில்லை. குடம் மட்டும் கொஞ்சம் உரக்கப் பேசுகிறது. அந்த ஆரஞ்சு நிறத்தைக் குறைத்தால் பார்க்கிறவர்களின் கண் குடத்தில் தங்காமல் முகங்களுக்குப் போகும்.

அந்தக் கமிட்டிக்காரர்களை நீ அறியாதவர்கள் என்று எழுதியிருப்பதும் எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் மனத்தில் இருக்கும் முகம், பழுப்புத் தலைமுடியும் மேல்நோக்கிய பார்வையும் கொண்ட அந்த முகம், வார்னர் சால்மன் என்ற சிகாகோ ஓவியர் 1940-இல் வரைந்தது. அவரும் உன்னைப்போல விளம்பரப் படங்கள் வரைந்து பிழைத்தவர்தான். அச்சுப் பிரதிகளாக உலகமெங்கும் போய், நம் ஊர்க் காலண்டர்களிலும் வரவேற்பறைகளிலும் வந்து உட்கார்ந்த அந்தப் படத்தின் கீழேதான் இவர்களுடைய தாய்மார் முழங்காலிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் அந்த முகத்தைப் பார்த்துத்தான் அழுதார்கள். அந்தப் பற்றை இரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிடலாகாது. அதை மதித்துக்கொண்டே, இன்னொரு முகத்துக்கும் இடம் உண்டு என்று காட்டுவதற்குக் காலம் பிடிக்கும். ஒரு கமிட்டிக் கூட்டம் அதற்குப் போதாது.

இப்போது உள்ளே இருக்கும் தடை. ஓவியம் வரைவது ஊழியமாகுமா, எத்தனை ஆத்துமாக்கள் அதனால் தொடப்பட்டன என்று கேட்கிற குரலை நானும் நன்கு அறிவேன். நம் சபைகளில் பாடகனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை; ஓவியனிடம் மட்டும் கணக்குக் கேட்கிறார்கள், அவனும் தன்னையே கேட்டுக்கொள்கிறான். அதன் விளைவையும் நீ பார்த்திருக்கிறாய்: படத்தின் அடியில் ஒரு வசனத்தை எழுதிவிட்டால் அது ஊழியமாகிவிடுகிறது, எழுதாவிட்டால் பொழுதுபோக்காகிவிடுகிறது. நானோ வேதாகமத்தில் யாத்திராகமத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டதாக வேதம் பேர்சொல்லிக் குறிப்பிடும் முதல் மனிதன் தீர்க்கதரிசியும் அல்லன், ஆசாரியனும் அல்லன்; பெசலெயேல் என்ற கைவினைஞன். இஸ்ரவேலரின் பரிசுத்த கூடாரத்துக்காகப் பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், இரத்தினங்களைப் பதிக்கவும், மரத்தைச் செதுக்கவும் அவனுக்கு அந்த ஆவி கொடுக்கப்பட்டது. அவன் பிரசங்கம் செய்ததாக ஒரு வரியும் இல்லை. அவனுடைய சொல் ஒன்றுகூட வேதத்தில் பதிவாகவில்லை; அவன் செய்த பொருள்களின் அளவுகள்தாம் முழம் முழமாகப் பதிவாகியிருக்கின்றன. (அதே வேலைக்கு ஜனங்கள் தேவைக்கு மேல் கொண்டுவந்ததால், போதும் நிறுத்துங்கள் என்று மோசே கட்டளையிட வேண்டியிருந்தது என்றும் முப்பத்தாறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எந்தச் சேகரத்தின் கட்டட நிதியிலாவது இந்த அற்புதம் நிகழ்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.)

இன்னொன்றும் கவனித்தேன். முப்பத்தோராம் அதிகாரத்தில் பெசலெயேலுக்கும் அவனுக்குத் துணையான அகோலியாபுக்கும் வேலையைக் கொடுத்து முடித்த உடனே, ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை வருகிறது. பரிசுத்த கூடாரத்தின் வேலையானாலும் ஏழாம் நாளில் நிற்க வேண்டும். நீயோ ஆறு நாள் கடையில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை வேலை என்ற பெயரில் இலவசமாகப் பேனர் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். மனம் வறண்டுபோயிற்று, ஜெபித்தும் ஒரு கோடு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வறட்சியின் எல்லாக் காரணங்களையும் ஆவிக்குரிய காரணங்களாக்கிக்கொள்ளாதே. களைப்பும் ஒரு காரணம். அந்த இலவசப் பேனர்களுக்குக் கூலி கேள், அல்லது முடியாது என்று சொல். கல்யாணக் கடன் இருக்கும்போது கூலி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படங்களை முடிக்க முடியவில்லை, முடித்தவையும் திருப்தி தரவில்லை என்று நீ எழுதியதற்கு பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ருவோவைத் தவிர வேறு யாரை நினைப்பேன்! பதினான்கு வயதில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தவர் என்பதால்தான் அவருடைய படங்களில் அந்தக் கனத்த கறுப்புக் கோடுகள் வந்தன என்பார்கள். தீவிரக் கத்தோலிக்கரான அவர் வரைந்ததோ கோமாளிகளையும் விலைமாதரையும் இரக்கமற்ற நீதிபதிகளையும். அவர் மிகவும் மதித்த விசுவாசியான எழுத்தாளர் லியோன் புளோயே அந்தப் படங்களை அருவருத்து அவருக்குக் கடுமையாக எழுதினார். ருவோ நட்பையும் விடவில்லை, வரைவதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய ஐம்பத்தெட்டுச் செப்புத் தகட்டு அச்சுப் படங்களின் வரிசை 1927 அளவில் அச்சாகி முடிந்தும், 1948-இல்தான் வெளியாயிற்று. வோலார் என்ற ஓவிய வணிகர் அவருடைய பட்டறையில் இருந்த முடிவுறாத படங்களை மொத்தமாக வாங்கியிருந்தார். அவர் இறந்தபின் ருவோ வாரிசுகள்மீது வழக்குத் தொடுத்து, முடிக்காத படைப்பு வரைந்தவனுக்கே உரியது என்று 1947-இல் தீர்ப்புப் பெற்றார். மீட்ட படங்களில் முந்நூற்றுக்கு மேற்பட்டவற்றை, இனி முடிக்கத் தம் வயது இடம் தராது என்று அடுத்த ஆண்டு சாட்சிகளின் முன்னிலையில் எரித்துவிட்டார். ஆலயம் ஒன்று அவருடைய வேலையை ஏற்று வைத்ததும் அந்த முதிர்ந்த வயதில்தான். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் அஸ்ஸி என்ற இடத்திலுள்ள ஆலயத்தின் ஜன்னல்களுக்கு. அவர் எரித்தது சரியா என்று நீயும் நானும் ஓர் இரவு முழுவதும் வாதாடலாம். எனக்கு அதில் இன்றுவரை தெளிவில்லை. ஆனால் முடியாத படங்கள் குவிந்து கிடப்பது விசுவாசக் குறைவின் அடையாளம் அன்று என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஆகவே கடையை மூடு என்றோ, கமிட்டியோடு சண்டை போடு என்றோ நான் சொல்லவில்லை. பக்கச் சுவர் போனால் போகட்டும். உங்கள் ஓய்வுநாள் பள்ளி நடக்கும் அறைக்கு ஒரு பெரிய வெறுஞ்சுவர் உண்டு என்று நினைவிருக்கிறது. அதைக் கேட்பதற்குக் கமிட்டிக் கூட்டமும் வேண்டியதில்லை, பொறுப்பாளரும் போதகர் ஐயரும் சம்மதித்தால் போதும். பிள்ளைகளுக்குக் காலண்டர் முகம் இன்னும் அவ்வளவு ஊறியிருக்காது. கிணற்றடிக் காட்சியை அங்கே வை. விடியற்காலையில் கடை திறப்பதற்கு முன்னால் உனக்குக் கிடைக்கும் நேரத்தை யாருக்கும் கொடுக்காதே, கைபேசிக்கும் கொடுக்காதே. ஒரு நாளில் ஒரு கைவிரல் மட்டும் சரியாக வந்தாலும் அன்றைய வேலை நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

ஆலயத்தில் எல்லாரும் கூடி உண்ணும் அசன பண்டிகைக்கு நானும் மனைவியும் வருகிறோம், பண்டிகைக்குப் பின் சில நாட்கள் தங்குவதாகவும் திட்டம். கமிட்டிக்குக் காட்டிய வரைவுகளையும், காட்டாமல் மறைத்து வைத்தவற்றையும் எடுத்து வை. யாருக்கும் காட்டாதவை உன்னிடம் நிறைய இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் ஒரு வேலை செய். கடற்கரை ஊர் என்பதால் அந்த அறைச் சுவர் உப்புப் பூத்திருக்கக்கூடும். பூத்திருந்தால் அதன்மேல் எந்த வண்ணமும் நிற்காது. பழைய பூச்சை உரித்து, புதிதாகப் பூசி, நன்றாகக் காயவிட்ட பின்தான் தொட வேண்டும். கொத்தனாரை அழைத்துக் காட்டி, எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுது. பூச்சுச் செலவில் பாதி என்னுடையது.

உன் அன்பு நண்பன்