பத்து மணிக்கு மேல் தைப்பதில்லை, அம்மா

ஹம், ஜெர்மனி
அக்டோபர் 5, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

பாப்பா எழுதிய கடிதம் வந்தது. நீ சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள், சரி. நடுவில் "பாட்டி இந்த இடத்தில் மூக்கைச் சிந்துச்சு" என்று தானாகவே சேர்த்திருக்கிறாள். நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ கோபித்துக்கொண்டது நியாயம்தான். போனில் பேசலாம் என்றால் உன்னைச் சுற்றி ஊரே நிற்கிறது. மாமா வந்து யூரோ என்ன விலை என்கிறார். எதைப் பேசுவது?

இன்று ஞாயிறு, தையல் மெஷினைத் தொடக்கூடாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை சத்தமே ஆகாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, காலி கண்ணாடி பாட்டிலைத் தெருத் தொட்டியில் போடக்கூடாது. மற்ற நாட்களில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அப்படித்தான். இதை எனக்கு ஞாபகப்படுத்துவதற்கென்றே கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல். கரித்துணிக்கும் இஸ்திரி போடுகிறவர். என் குப்பைப் பையைத் திறந்து பார்த்து, காகிதத்தோடு பிளாஸ்டிக்கைக் கலந்துவிட்டேன் என்று கதவில் சீட்டு ஒட்டுவார். பத்து மணிக்கு மேல் மெஷின் ஓடினால் விளக்குமாற்றுக் கட்டையால் டக் டக் என்று தன் வீட்டு மேற்கூரையைத் தட்டுவார். அவருடைய கூரைதானே எனக்குத் தரை, உள்ளங்காலில் தெரியும்.

தையல் விஷயத்தை நீ சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறாய். நேராகவே சொல்கிறேன். திருட்டுத்தனமாக இல்லை. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, நகராட்சியில் பதிந்துதான் தைக்கிறேன். வரிக்குக் காட்டத் தனியாகக் கணக்கு நோட்டு இருக்கிறது. இங்கே காமாட்சி அம்பாள் கோயில் இருப்பது உனக்குத் தெரியும், 2002-இல் கும்பாபிஷேகம் ஆனது. எழுப்பியவர்கள் இலங்கைத் தமிழர்கள். அங்கே ஒரு அக்கா என் ஜாக்கெட்டைப் பார்த்து "யார் தைத்தது?" என்று கேட்டதில் ஆரம்பித்தது. பாலக்கோட்டில் டைலர் அக்காவிடம் ஆறு மாதம் உட்கார்ந்தது வீண் போகவில்லை.

தேருக்கு முன்னால்தான் அளவு தெரியாமல் போய்விட்டது. யார் கேட்டாலும் சரி சரி என்று பதினான்கு ஜாக்கெட்டுக்குத் தலையாட்டிவிட்டேன். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து தூங்காமல் தைப்பேன். ஆஸ்பத்திரி வேலையில் ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 11 மணி நேரம் ஓய்வு விடச் சொல்லி இங்கே சட்டமே இருக்கிறது. அந்த ஓய்வு நேரத்தை எடுத்துத்தான் நான் மெஷினில் போட்டேன். முதலாளியும் நானே, கூலியும் நானே என்றால் யார் கேட்பது? ஒருநாள் ஜாக்கெட்டின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்து, அது தெரியாமல் ஓரமும் வெட்டிவிட்டேன். பட்டுத்துணி. ஈடு கொடுத்தது போக அந்த வாரம் உழைத்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை. ரயிலில் தூங்கிப்போய்க் கடைசி ஸ்டேஷனில் இறங்கியதும் உண்டு. மயக்கம் எல்லாம் இல்லை. தம்பி பெண்டாட்டி எதையாவது பெரிதாக்கிச் சொல்லியிருப்பாள், நம்பாதே.

அப்போதுதான் நம் பட்டுப்புழு மனை நினைவுக்கு வந்தது. தோலுரிக்கும் நாளில் புழு தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்குமே, நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பாவம் பசிக்கிறது என்று இலை கொண்டுபோய்ப் போட்டேன். நீ என் கையில் ஒரு அடி போட்டாய். "அதைச் சும்மா விடுடி, இப்போ தொந்தரவு பண்ணினா கூடே கட்டாது." நாலு முறை அப்படிக் கிடந்துவிட்டுத்தானே கடைசி ஏழெட்டு நாளில் அத்தனை இலையும் தின்கிறது.

இப்போது நைட் ஷிப்ட் வாரத்தில் மெஷினுக்கு உறை போட்டுவிடுகிறேன். ஜாக்கெட் மட்டும்தான், பாவாடை சட்டை, பேண்ட் மடிப்பது எதுவும் கிடையாது. லைனிங் வைத்தது 25 யூரோ வாங்கிக்கொண்டிருந்தேன், துணிந்து 35 ஆக்கினேன். பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று பயந்தேன். முன்பு மாதம் பன்னிரண்டு தைத்து 300 யூரோ, இப்போது எட்டு தைத்து 280. இருபது யூரோவுக்காகவா அத்தனை ராத்திரி கண் விழித்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது. தீபாவளிக்குக் கேட்டு வந்த ஐந்து பேரிடம் தை மாதத்துக்குத்தான் முடியும் என்று சொல்லிவிட்டேன். கீழ்வீட்டுப் பாட்டி மட்டும் விதிவிலக்கு. போன வாரம் தன் திரைச்சீலையை மடித்துத் தைக்கச் சொல்லிக் கொண்டுவந்தார், பிளம்ஸ் பழக் கேக்கோடு. பகலில் தை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. இலங்கைக் கடையில் கேழ்வரகு மாவு கிடைக்கிறது, அவர்கள் குரக்கன் மா என்கிறார்கள். களி கிண்டினேன். துடுப்பு இல்லாமல் மரக்கரண்டியால் கிண்டியதில் கரண்டி உடைந்தது. களி என்னவோ நன்றாகத்தான் வந்தது. நீ கொடுத்தனுப்பிய புளி தீர்ந்துவிட்டது. குளிர் இன்னும் முழுதாக வரவில்லை, ஹீட்டர் போடாமலே ஓடுகிறது, எனக்கு ஸ்வெட்டர் போதும். இன்னொரு வேடிக்கை, காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்பத் தருகிறார்கள். வழியில் கிடந்தால் நானும் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி தூங்கிக்கொண்டிருந்தபோது புழு இலை தின்னும் சத்தம் கேட்டது. ஐந்தாம் பருவத்தில் மனை முழுக்கக் கேட்குமே, அதே சத்தம். இலை போட நேரமாகிவிட்டதே என்று எழுந்து உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டேன். ஜன்னலில் மழை, அவ்வளவுதான். அப்புறம் தூக்கம் வரவில்லை. இங்கே மணி மூன்று, அங்கே ஆறரை. நீ மல்பெரித் தோட்டத்தில் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, அதை விடு. பொங்கலுக்கு வர லீவு கிடைக்காது போலிருக்கிறது. வைகாசியில் பார்க்கலாம்.

இந்த மாதம் அனுப்பிய நாற்பதாயிரத்தில் பதினைந்து, பேங்கில் அடகு இருக்கும் உன் வளையலுக்கு. பேங்கில் கட்டிவிட்டு ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். தம்பி அதைப் புதுப் புழு மனைக்குச் செங்கல் வாங்கத் திருப்பிவிடக்கூடாது, அவனிடம் நீயே சொல். மனை கட்டுவது நல்லதுதான். முதலில் பட்டு வளர்ச்சித் துறையில் மானியம் என்ன தருகிறார்கள் என்று கேட்டு மனு கொடுக்கட்டும், அப்புறம் கடைக்கால் தோண்டட்டும். கூட்டைத் தர்மபுரி அங்காடிக்கே கொண்டுபோகட்டும், வீட்டு வாசலில் வந்து கேட்கிறவனுக்கு அவசரத்தில் கொடுக்க வேண்டாம்.

பெரியப்பாவோடு சண்டை என்று எழுதியிருக்கிறாய். அவர் தக்காளிக்கு மருந்தடிக்காமல் இருக்க முடியாது, காற்று நம் மல்பெரிப் பக்கம் அடித்தால் நமக்குப் புழு பிழைக்காது. சண்டை போட்டு என்ன ஆகும்? எந்த நாள் அடிக்கிறார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்து வரிசை இலையைக் கொஞ்ச நாள் பறிக்காமல் விடுங்கள். பெரியம்மாவிடம் நீ போய்ப் பேசு, தம்பியை அனுப்பாதே, அவன் வாய் சரியில்லை.

பாப்பாவுக்குத் தீபாவளிப் பாவாடை நானே தைக்கிறேன். இடுப்பளவும் உயரமும் சரியாக எடுத்து அனுப்பு. அவள் வளர்ந்திருப்பாள், கண் அளவில் சொல்லாதே.

உன் மகள்