பின்பக்கம் தமிழில் எழுதிய 24 படங்கள்

எங்கள் செம்பூர் பில்டிங் மக்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை கேமரா கூட்டத்துக்கும்,

பேச்சு நின்றுபோய் ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பா வீட்டுக்கு வந்து இன்றோடு ஆறு நாள். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேருக்கு எனக்கு முன்னாலேயே தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கொஞ்சம் நிதானம் வந்தபின் நன்றி சொல்லலாம் என்று இருந்தேன். அது வருகிற வழியாகத் தெரியவில்லை. சரி, இப்படியே எழுதிவிடுகிறேன்.

ஒவ்வொருவராகச் சொல்லப் போனால் யாராவது விட்டுப்போய் அது ஒரு மனஸ்தாபமாகும். அதனால் மொத்தமாகவே சொல்கிறேன். அப்பாவை நாற்காலியோடு லிஃப்டில் இறக்கிய வாட்ச்மேன் பையா, ஒன்பது ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்த தாராவிச் சித்தப்பா, ரசம் சாதமும் துவையலும் முறை வைத்துக் கொடுத்தனுப்பிய மாமிகள், செடா நகர் முருகன் கோயில் விபூதியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போன இரண்டாம் மாடி அக்கா, மூன்று வாரமாக ஒரு பறவைப் படத்தைக்கூட என் கண்ணில் காட்டாத கேமரா நண்பர்கள். உங்களுக்குப் பட்ட கடன் தீராது. தீர்க்கிற உத்தேசமும் இல்லை, அப்படியே இருக்கட்டும்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஆறாம் மாடிப் பெண்ணுக்கு. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் தெரியாது, அதனால் இதை நானே மராத்தியில் சொல்லிக் காட்டுவதாக இருக்கிறேன். அப்பாவை ஆஜோபா (தாத்தா) என்பாள், என்னைக் காகா என்பாள். மராத்தியில் அது சித்தப்பா. பறவை பின்னால் சுற்றுகிறவனுக்கு அந்தப் பெயர் வாய்த்ததில் எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக ஒரு சிரிப்பு உண்டு.

அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் முதல் நாளே சொன்னார்: வீட்டு ஆட்கள், அவர் தினமும் புழங்கிய சாமான்கள், உட்கார்ந்த இடங்கள் எல்லாவற்றையும் படமாகக் கொண்டுவாருங்கள், பார்த்துப் பெயர் சொல்லிப் பழகட்டும். மொபைலில் வேண்டாம், கையில் பிடிக்கிற மாதிரி பிரிண்ட் போடுங்கள். எனக்கா படத்துக்குப் பஞ்சம் என்று அன்று ராத்திரி ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். சிவ்ரி, பாண்டுப், ஐரோலி, மறுபடி சிவ்ரி, எல்லாம் மும்பைப் பக்கம் பூநாரை வருகிற கரைகள். நாற்பதாயிரத்துச் சொச்சம் படங்கள். பூநாரை பறக்கிறது, மேய்கிறது, ஒற்றைக் காலில் நிற்கிறது. அப்பா இருந்தது இரண்டு படத்தில். ஒன்றில் பாதி முகம். இன்னொன்று பொங்கலன்று புது லென்ஸை மாட்டிப் பார்த்தபோது எடுத்தது, மொத்தமும் மங்கல். 600 எம்எம் வரை போகிற என் ஜூம் லென்ஸுக்குக் கிட்டத்தட்ட மூன்று மீட்டருக்குள் வந்தால் ஃபோகஸ் ஆகாது. எங்கள் ஹாலில் அப்பாவின் நாற்காலிக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே அவ்வளவு தூரமே கிடையாது.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா லிஃப்டில் யாரிடமோ புலம்பியிருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண் ஒரு பிரவுன் கவரோடு வந்து நின்றாள். உள்ளே 24 பிரிண்ட். எல்லாம் அவளுடைய கீறல் விழுந்த மொபைலில் எடுத்தவை, எதற்கென்று இல்லாமல் சும்மா எடுத்தவை. வாட்ச்மேன் பெஞ்சில் அப்பா பேப்பரோடு. பில்டிங் பூனைக்குப் பால் ஊற்றுகிற அப்பா. மொட்டைமாடியில் வடாம் காயவைக்கிற அம்மா. எங்கள் வாசலில் கிடக்கிற அப்பாவின் ரப்பர் செருப்பு, ஒரு வார் பச்சை, ஒரு வார் நீலம். பாக்கெட் மணியில் பிரிண்ட் போட்டிருக்கிறாள். பணம் கொடுத்தால் வாங்கவில்லை.

ஒவ்வொன்றின் பின்னாலும் தமிழில் பெயர். மொபைலில் மொழிபெயர்த்து, எழுத்தைப் படம் வரைவது போலப் பார்த்து வரைந்திருக்கிறாள். அம்மாவின் படத்துக்குப் பின்னால் ‘மனைவி’. எழுபது வயதில் அம்மா வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். டம்ளர் படத்துக்குப் பின்னால் ‘கண்ணாடி’. கிளாஸ் என்று தட்டியிருப்பாள் போல. கீறலில் மறைந்ததோ என்னவோ, பாதி இடங்களில் புள்ளி இல்லை. செருபபு.

கடைசிப் படம் நான். விடிகாலை இருட்டில் கேட்டைத் தாண்டிப் போகிற என் முதுகு, கேமரா பை, ட்ரைபாட். பரீட்சைக்குப் படிக்க எழுந்தவள் ஜன்னலில் இருந்து எடுத்தது. பின்னால் ‘மகன’ என்று இருந்தது.

அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தெளிவாக, “வந்துட்டானா?” என்றார். மூன்று வாரத்தில் நாங்கள் கேட்ட முதல் முழு வார்த்தை. ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவிடம் அவர் கேட்கிற கேள்வி அது. வாயில் ஊறிப்போன பேச்சு, யோசித்துச் சொல்கிற பேச்சுக்கு முன்னால் வந்துவிடுமாம், மேடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

கேமராவை ஏறக்கட்டு என்று இரண்டு மூன்று பேர் சொன்னீர்கள். அக்கறையில் சொன்னது புரிகிறது, ஆனால் அது சரியென்று எனக்குப் படவில்லை. எனக்கு முதலில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அப்பாதான். அவரிடம் ஒரு யாஷிகா இருந்தது. வருஷத்துக்கு ஒரு 36 ரோல். பொங்கல், ஸ்கூல் ஆண்டுவிழா, திருநெல்வேலிப் பயணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆல்பத்தில் ஒரு பறவை கிடையாது, எல்லாம் முகம். என் கோளாறு வேறு இடத்தில். கடல் ஓதம் ஏற ஏற சேறு சுருங்கி, பூநாரைகள் கரைப் பக்கம் நெருங்கி வரும். அந்த நேரம் மணிக்கணக்கில் எனக்கு மனப்பாடம். அப்பா சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையின் பெயரை டாக்டர் கேட்டபோது அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். நான் சிவ்ரியிலிருந்து திரும்பியதும் அப்பா “எத்தனை வந்திருந்துது?” என்பார். “அப்புறம் காட்டுறேன்ப்பா” என்று கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவேன்.

ஆகவே கேமரா கூட்டமே, இனி மாதத்தில் ஒரு ஞாயிறுதான் நான். ஃபோன் சட்டைப் பையில், சத்தத்தோடு. மழைக்காலத்தில் பூநாரைகளில் பெரும்பாலானவை குஜராத் பக்கம் கிளம்பிவிடும், அப்போது அதுவும் இல்லை. கிட்டத்தில் எடுக்கத் தோதான பழைய 50 எம்எம் லென்ஸைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஒரு ரோலுக்கு 36 என்றால் அந்தப் பெண் 24 எடுத்துவிட்டாள். மீதி 12 என் கணக்கு. முதல் படம் டம்ளர், பின்னால் ‘டம்ளர்’ என்றே எழுதி.

‘மகன’வுக்கு நேற்று பேனாவால் புள்ளி வைக்கப் போனேன். அம்மா விடவில்லை. தினமும் காலையில் அப்பா அந்தப் படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, கடைசி எழுத்தின் தலையில் விரலால் ஒரு தட்டு தட்டுகிறார்.

எங்கள் வீட்டில் மூன்று டிபன் கேரியர்களும் ஒரு எவர்சில்வர் மூடியும் கிடக்கின்றன. யாருடையவை என்று தெரியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்தால் அப்பா விழித்திருப்பார்.