விலகுவது எளிதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மோர்மன் சபையை விட்டு வெளியேறுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "நம்பிக்கை போய்விட்டால் விலக வேண்டியதுதானே, இதில் என்ன தைரியம்?" என்று கேட்கிறார்கள். சரி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அந்தச் சபைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. இளவயதில் 2 ஆண்டு மதம் பரப்பும் ஊழியம். பெற்றோர், மனைவி, அக்கம்பக்கம் எல்லாரும் ஒரே சபை.

அப்புறம் ஒருநாள் வரலாற்றைப் படிக்கிறார். கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் மறுக்கப்பட்டது. நிறுவனர் ஜோசப் ஸ்மித்துக்குப் பல மனைவியர் இருந்ததைச் சபையே 2014-ல் ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டது. படித்தபின் பழையபடி நம்ப முடியவில்லை.

விலகல் கடிதம் எழுதுவது சின்ன வேலை. சபையின் கோயிலில் 'முத்திரை' என்ற சடங்கால் இணைக்கப்பட்ட குடும்பம் மரணத்துக்குப் பிறகும் சேர்ந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் மகன் விலகினால், மறுமையிலும் அவனை இழந்துவிட்டதாகத் தாய் துடிக்கிறாள். அந்த அழுகை பொய்யில்லை; அதைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொல்வதுதான் கடினம். கோயில் திருமணத்துக்குள் அனுமதிச்சீட்டு உள்ள உறுப்பினர்கள் மட்டுமே போகலாம். விலகிய தகப்பன் சொந்த மகள் கல்யாணத்தில் வெளியே காத்து நிற்க வேண்டும்.

கோயிலுக்கு வெளியே மணமுடித்தவர்கள் முத்திரைச் சடங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-ல் நீக்கினார்கள். எல்லாரும் வரக்கூடிய கல்யாணத்தை முதலில் வெளியே நடத்திவிட்டு, காத்திருக்காமல் கோயிலுக்குப் போகலாம் என்பதால் நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கு முன் வாசலில் நின்றவர்களுக்கு அந்த நாள் திரும்பி வராதே.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்