மீட்டரை மட்டும் பாத்து பெரிய பைக் வாங்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் பெங்களூரு அல்சூர்ல இருக்கேன், எங்க தாத்தா காலத்துலயே தருமபுரி பக்கத்துல இருந்து இங்க வந்து செட்டில் ஆயிட்டோம், வீட்ல இன்னமும் காலைல காபியோட உங்க பேப்பர் தான். நந்தி ஹில்ஸ் ரோட்லயோ ஓசூர் ரோட்லயோ பெரிய பைக்ல போன பசங்க விழுந்த செய்தி வந்தா, "அதிவேகம்"னு ஒரு வார்த்தையோட முடிச்சிடுறாங்க. வேகம் காரணமே இல்லன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த வண்டியோட டயர் எந்த வருஷத்து டயர், பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினாங்க, இத யாரும் கேக்குறதே இல்ல. நானே அதுல மாட்டி தப்பிச்சு வந்ததால தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் போடுங்க.

2025 ஜனவரில செகண்ட் ஹேண்ட்ல ஒரு கவாஸாகி நிஞ்ஜா 1000 வாங்கினேன், 2016 மாடல். 1043 சிசி, நாலு சிலிண்டர், 19 லிட்டர் டேங்க், ரெண்டு பேர் உக்காந்து பையெல்லாம் கட்டிக்கிட்டு தூரம் போறதுக்குன்னே செஞ்ச வண்டி, காலேஜ் படிக்கிறப்பலேர்ந்து ஆசை. ஒன்பது வருஷத்துல ஓடினது வெறும் 11,400 கிலோமீட்டர். வித்தவரும் அதத்தான் திரும்பத் திரும்ப சொன்னாரு, கவர் போட்டு பேஸ்மென்ட்லயே வெச்சிருந்தேன், மழைல ஒரு நாள் கூட எடுத்ததில்லன்னு. அவர் பொய் சொல்லல, பெயிண்ட் எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. சர்வீஸ் புக்க புரட்டினா முதல் ரெண்டு மூணு பக்கத்துல மட்டும் சீல், அதுக்கப்புறம் காலி. ஓடவே இல்லயே, அப்புறம் எதுக்கு சர்வீஸ்னு அவரும் நெனச்சிருக்காரு, நானும் அப்படித்தான் நெனச்சேன். எஞ்சின் ஆயில் மட்டும் மாத்திட்டு வண்டிய எடுத்துட்டேன்.

மாசி மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம மச்சான பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டு ஏலகிரி போனோம். ஏறும்போது ஒரு குறையும் இல்ல. இறங்கும்போது தான், 14 கொண்டை ஊசி வளைவுல பாதி கூட தாண்டல, பிரேக் லீவர் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு, அடுத்த வளைவுல புடிச்சா லீவர் ஆக்சிலேட்டர் கைப்பிடிய போய் தொடுது, வண்டி நிக்கல. எதிர்ல ஒரு பஸ் ஏறி வருது. பின் பிரேக்க மிதிச்சு கியர ரெண்டு, ஒண்ணுன்னு எறக்கி எப்படியோ மலையோரமா மண்ணுல ஏத்தி நிறுத்தினேன். மச்சான் எறங்கி ஒரு வார்த்தை பேசல, அங்கயே ஒரு கல்லு மேல உக்காந்துட்டான், அவனுக்கு போன வருஷம் தான் கொழந்த பொறந்திருக்கு. முக்கால் மணி நேரம் நின்னு, டிஸ்க்கெல்லாம் ஆறினப்புறம் பாத்தா லீவர் பழையபடி கெட்டியா இருக்கு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. முதல் கியர்லயே உருட்டி எறக்கி கொண்டு வந்தேன்.

மறுநாள் சிவாஜிநகர்ல எனக்கு தெரிஞ்ச ஒரு மெக்கானிக் பாய்கிட்ட கொண்டு போனேன். அவர் எதையும் கழட்டறதுக்கு முன்னாடி டேங்க் மேல ஈரத்துணிய விரிச்சாரு, பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட தின்னுடுமாம். அப்புறம் காலிப்பர்ல, அதாவது பிரேக் டிஸ்க்க இறுக்கிப் புடிக்கற பாகத்துல, இருக்கற சின்ன நிப்பிள்ல உள்ள ஓடறது தெரியற மாதிரி ஒரு டியூப சொருகி, மறுமுனைய ஒரு பழைய தண்ணி பாட்டில்ல விட்டு, என்னை லீவர அமுக்க சொல்லிட்டு ஸ்பேனரால அரை சுத்து தொறந்தாரு. வந்தது பாருங்க, அப்படியே நம்ம வீட்டு டிகாஷன் கலர், பாட்டில் அடியில கருப்பா மண்டி வேற. புது ஆயில் எப்படி இருக்கும்னு பக்கத்துல ஒரு டம்ளர்ல ஊத்தி காட்டினாரு, வெளிர் மஞ்சளா, அடி தெரியற மாதிரி. "நிக்கிற வண்டி தான் தம்பி எனக்கு நெறைய வேல குடுக்குது"ன்னாரு.

இந்த பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும், வண்டி ஓடினாலும் சரி, கவர் போட்டு நின்னாலும் சரி. டாட் 4ங்கறது பிரேக் ஆயிலோட ஒரு தரம், புது டாட் 4 ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், ஈரம் ஏறினப்புறம் அதே ஆயிலுக்கு விதிச்ச அளவு 155 டிகிரி தான், ஒன்பது வருஷத்து ஆயில் எந்த கதில இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. மலை எறங்கும்போது விடாம பிரேக் புடிச்சா காலிப்பர் சூட்டுல உள்ள இருக்கற தண்ணி ஆவியாயிடும், ஆயில் அமுங்காது ஆனா ஆவி அமுங்கிடும், அதனால லீவர் காலியா போகுது. ஆறினா மறுபடி சரியாயிடும், அதனால தான் டெஸ்ட் ரைடுல தெருவ ஒரு சுத்து சுத்தி பாத்தா இது புடிபடவே புடிபடாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும்னு மேனுவல்லயே போட்டிருக்கு. சீல் பிரிக்காத டின்லேர்ந்து தான் ஊத்தணும், பாதி ஊத்திட்டு மூடி வெச்ச பாட்டில் வேண்டாம்.

அடுத்து டயர். பட்டன் எல்லாம் அப்படியே இருக்கேன்னு நான் சந்தோஷப்பட்ட டயர். பாய் மொபைல் டார்ச்ச அடிச்சு பக்கவாட்டுல தடவித் தடவி தேடி இங்கிலீஷ்ல DOTனு ஆரம்பிக்கற எழுத்துக்கு கடைசில ஒரு ஓவல் கட்டத்துக்குள்ள நாலு நம்பர காட்டினாரு, 0716. அதாவது 2016ல ஏழாவது வாரம் செஞ்சது. கம்பெனிலேர்ந்து வந்த அதே டயர். நகத்த வெச்சு அழுத்தினா இறங்கல, காடிக்குள்ள உத்து பாத்தா பித்தவெடிப்பு மாதிரி மெல்லிசா கோடு கோடா வெடிச்சிருக்கு. ரப்பர் செத்துப்போச்சுன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு. இந்த டயரோட ஒரு சாயங்கால மழைல எம்ஜி ரோட்ல வெள்ளை கோட்டு மேல பிரேக் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்த பெசையுது. முன்னாடி 120/70, பின்னாடி 190/50, ரெண்டும் 17 இஞ்ச் ரேடியல், மாத்த 30,000 ரூபாய்க்கு மேல ஆச்சு. வண்டி விலை பேசும்போதே இந்த நம்பர பாத்திருந்தா பேசி கொறச்சிருக்கலாம், இல்ல வாங்காமலே வந்திருக்கலாம். காத்தும் அப்படித்தான், இந்த வண்டிக்கு முன்னாடி 36, பின்னாடி 42 பிஎஸ்ஐ, காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர் ஆறி இருக்கும்போது பாக்கணும், பங்க்ல கேக்காமலே எல்லா பைக்குக்கும் ஒரே அளவுல அடிச்சு விட்டுடுறாங்க.

எஞ்சின் சூட்ட ஆத்தற கூலன்ட்டும் துரு கலர்ல வந்துச்சு, யாரோ நடுவுல போர் தண்ணி ஊத்தியிருக்காங்க. நம்ம ஊர் போர் தண்ணி பக்கெட்டுலயே வெள்ளையா படியுது, ரேடியேட்டர் உள்ள சின்ன சின்ன குழாய்ல படியாதா? சில்க் போர்டு ஜங்ஷன்ல பத்து நிமிஷம் நின்னாலே ஃபேன் ஓட ஆரம்பிக்கற வண்டி இது. செயினுக்கு தகட்டுக்கு தகடு நடுவுல சின்ன ரப்பர் ரிங் இருக்கும், உள்ள வெச்ச கிரீஸ அதுதான் காப்பாத்துது, அத பெட்ரோல் ஊத்தி கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சா அவ்வளவு தான், மண்ணெண்ணெயும் மெத்து பிரஷும் போதும், தொடச்சிட்டு செயினுக்குன்னு விக்கற லூப் ஆயில் அடிச்சா சரி. எஞ்சின் ஆயில் டப்பால JASO MA2ன்னு, அதாவது பைக் கிளட்ச்சுக்கு ஒத்து வர்ற ஆயில்ங்கற குறி, இருக்கான்னு பாருங்க, கிளட்ச் அதே ஆயில்ல தான் முங்கியிருக்கு, கார் ஆயில ஊத்தினா வழுக்க ஆரம்பிச்சிடலாம்.

பெட்ரோல் விஷயம் ஒண்ணு. 2023 பிப்ரவரில நம்ம பெங்களூருலயே தான் பிரதமர் இ20 பெட்ரோல தொடங்கி வெச்சாரு. 20 சதவீதம் எத்தனால், அதுவும் ஈரத்த இழுக்கற சாமான். 2016ல செஞ்ச வண்டி இத மனசுல வெச்சு செஞ்சதில்ல. வாரத்துக்கு ஒரு டேங்க் ஓட்டறவங்களுக்கு பெரிசா தெரியாம போகலாம், மாசக்கணக்குல நிறுத்தி வெக்கறவங்க டேங்க் மூடிய தொறந்து உள்ள துரு இருக்கா, பெட்ரோல் டியூப் ஊறி மெத்துனு ஆயிருக்கான்னு கட்டாயம் பாக்கணும்.

இப்ப நான் கேக்கறது இதுதான். வண்டி என் பேருக்கு மாறினப்போ ஃபார்ம் 29, ஃபார்ம் 30, இன்சூரன்ஸ், புகை சர்டிஃபிகேட், எல்லாம் பேப்பர். டயர யாரும் குனிஞ்சு பாக்கல. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிக்கும்போது தான் முதல் தடவ ஃபிட்னஸ் பாக்கறாங்க, அதுக்குள்ள ஒரு பெரிய பைக் மூணு கை மாறிடுது. பேர் மாத்தும்போதே டயர் தேதியையும் பிரேக்கையும் பாத்து ஆர்டிஓல ஒரு சீட்டு குடுத்தா என்ன? கால் மணி நேர வேலை. விக்கறவங்களும் விளம்பரத்துல கிலோமீட்டர் போடற எடத்துலயே டயர் வருஷத்தையும் கடைசியா பிரேக் ஆயில் மாத்தின தேதியையும் சேத்து போடட்டும். உங்க நிருபர்கள் அடுத்த தடவ இந்த மாதிரி விபத்துக்கு போகும்போது வண்டிகிட்ட குனிஞ்சு அந்த நாலு நம்பர மட்டும் குறிச்சிட்டு வந்து செய்தில போடுங்க ஐயா, ரொம்ப தயவா கேட்டுக்கறேன்.

என் வண்டில முன் சக்கரத்து ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசியாம இருக்கற ஃபோர்க் சீல் மட்டும் மாத்த பாக்கி, அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் பாய்கிட்ட விடறேன். அதுவரைக்கும் மச்சான ஏத்தறதா இல்ல.

இப்படிக்கு,
அல்சூர் வாசகன், பெங்களூரு