முட்டையை விளிம்பில் தட்டச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பாம்பே டோஸ்ட் செய்முறை பார்த்தேன். "முட்டைகளைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி, நேரே பாலில் ஊற்றவும்" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

காட்பாடிப் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விளிம்பில் தட்டினால் ஓடு உள்பக்கமாக நொறுங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வும் கிழிந்து, சில்லு வெள்ளைக்கருவோடு இறங்கிவிடும். ஓட்டின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பது தாங்கள் அறியாததல்ல. சில்லோடு அதுவும்தானே உள்ளே போகும்? சமமான மேடையில், முட்டையின் நடுவயிற்றில் ஒரே தட்டு. ஓடு விரிசல் விடும், சில்லுகளைச் சவ்வு பிடித்துக்கொள்ளும். இரண்டு கட்டைவிரலையும் விரிசலில் வைத்துப் பிளந்தால் மஞ்சள்கரு முழுசாக இறங்கும். ஆம்லெட் என்றால் போகட்டும், ஆஃப்பாயில் கேட்டவருக்கு உடைந்த கருவையா வைப்பது?

அதைவிடக் கொடுமை 'நேரே பாலில்' என்றது. நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்து, கடை வாசலில் ட்ரே ட்ரேயாக அடுக்கிக் கிடக்கிற முட்டை வேலூர் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? எங்கள் விடுதியில் புதிதாக வேலைக்கு வந்த பையன் இப்படித்தான் பால் அண்டாவில் நேராக உடைத்துக்கொண்டே போனான். கடைசியில் ஒரு கூழ்முட்டை. பச்சையும் கறுப்புமாகக் குழம்பி இறங்கியது. அந்த நாற்றத்தில் அடுப்படியில் நிற்க முடியவில்லை. அத்தனை பாலையும் சாக்கடையில் கொட்டினோம். பிள்ளைகள் வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுக் காலேஜுக்குப் போனார்கள். நடுவில் ஒரு டம்ளர் இருந்திருந்தால் ஒரு முட்டையோடு போயிருக்கும்.

இது முதல் தடவையும் இல்லை. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு 'ஏதாவது ஒரு கத்தரிக்காய்' என்று போட்டீர்கள். எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. வேலூர் பதிப்பில் அதன் பெயருக்கு இடமில்லையா? கேக் என்றால் எப்போதும் ஓவன்தான். குக்கரில் மணல் பரப்பிக் கேக் செய்கிறவர்களும் காசு கொடுத்துத்தான் பேப்பர் வாங்குகிறோம். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டே வரி போடுங்கள்: முட்டையைச் சமமான இடத்தில் தட்டவும், ஒவ்வொன்றாகத் தனி டம்ளரில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்கவும். புதுக்குடித்தனம் வைத்த பெண்கள் தங்கள் சமையல் பக்கத்தைக் கத்தரித்து அடுப்படிச் சுவரில் ஒட்டி வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.