குறிஞ்சியைக் காட்ஸ்கில்லில் காட்டுவோம்: தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

நியூ ஜெர்சி, நியூயார்க் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும், பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும், பெற்றோருக்கும்,

வணக்கம்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஐந்திணை நடத்திக்கொண்டிருந்தேன். 'குறிஞ்சி: மலையும் மலை சார்ந்த இடமும்' என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், அப்போ காட்ஸ்கில் குறிஞ்சியா?"

காட்ஸ்கில் நியூயார்க் நகருக்கு வடக்கே இருக்கும் மலைத்தொடர். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. மறுவாரம் தாமஸ் கோல் வரைந்த ஓர் ஓவியத்தைத் திரையில் போட்டு அதை வைத்தே பாடம் நடத்தினேன். இத்தனை வருஷத்தில் பிள்ளைகள் மணி அடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த வகுப்பு அது ஒன்றுதான். அதனால்தான் இந்த மடல்.

கோல் இந்த மண்ணில் பிறந்தவரல்ல. 1801-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில், போல்டன் என்ற ஊரில் பிறந்தவர். பஞ்சாலைப் புகை சூழ்ந்த வட்டாரம். நம் கைத்தறி நெசவாளர்களின் வயிற்றில் அடித்த மில் துணியெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். சிறு வயதிலேயே துணி அச்சுக்குப் பூவேலை செதுக்கும் வேலைக்குப் போனார். 1818-ல், 17 வயதில், குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்கா வந்தார். ஒஹையோவில் அப்பா தொடங்கிய தொழில் நிலைக்கவில்லை. மகன் ஊர் ஊராகப் போய் ஆட்களின் உருவப்படம் வரைந்து பார்த்தார். அதிலும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. 1825-ல் நியூயார்க் வந்தவர், ஹட்சன் ஆற்றில் நீராவிப் படகேறிக் காட்ஸ்கில் மலைக்குப் போனார். திரும்பி வந்து வரைந்த படங்களில் ஒன்றை மூத்த ஓவியர் ஜான் ட்ரம்புல் 25 டாலருக்கு வாங்கினார். அவர் சொல்லி இன்னும் இரண்டு ஓவியர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். ஹட்சன் ஆற்று ஓவிய மரபு என்று இன்று அருங்காட்சியகங்கள் கொண்டாடுவது அங்கே தொடங்கியது. இந்த நாட்டு மலைகளை இந்த நாட்டாருக்கே எடுத்துக் காட்டியவர், வந்து ஏழே வருஷமான ஒரு குடியேறி. இதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

நான் வகுப்பில் காட்டியது 1836-ல் அவர் வரைந்த 'ஆக்ஸ்போ'. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 193 சென்டிமீட்டர் அகலம். கை இரண்டையும் விரித்தால்கூட அடங்காது. மாசச்சூசெட்ஸில் ஹோலியோக் மலை உச்சியிலிருந்து பார்த்த காட்சி. இடப்பக்கம் இடிமழையின் கருமேகம், முறிந்து திருகிய மரம், ஏர் படாத காடு. வலப்பக்கம் மழை விட்டு வானம் வெளுத்திருக்கிறது. கீழே கனெக்டிகட் ஆறு மாட்டின் கழுத்து வளையம்போல் வளைந்து கிடக்கிறது, அதன் மடியில் பாத்தி பாத்தியாக வயல். "இந்தப் பக்கம் குறிஞ்சி, அந்தப் பக்கம் மருதம்!" என்று ஒரு பையன் கத்தினான். நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கச் சொன்னேன். படத்தின் கீழ்ப்பகுதியில், பாறைகளுக்கு நடுவே, தொப்பி போட்ட ஓர் ஆள் விரல்நுனி அளவுக்கு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஓவியம் வரையும் தாங்கி. முகத்தை நம் பக்கம் திருப்பிப் பார்க்கிறார். அதுதான் கோல். கொஞ்சம் தள்ளிப் பாறை முனையில் அவருடைய குடை, ஆற்றை எட்டித் தொடுவதுபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. காட்டுக்கும் வயலுக்கும் நடுவே அவர் உட்கார்ந்த இடத்தை அன்று வெகுநேரம் பேசினோம்.

பாலைக்கும் அவரிடம் படம் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் நல்லியல்பு இழந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். கோல் காட்ஸ்கில் ஊரிலேயே குடியேறி, அடிக்கடி நடந்துபோன ஓடைக்கரையில் ரயில் பாதைக்காக மரங்கள் சாய்ந்ததைக் கண்ணால் கண்டவர். 1843-ல் அதே இடத்தை வரைந்தபோது முன்னே கோடரியோடு ஓர் ஆள், வெட்டிய மரங்கள், தூரத்துப் பாலத்தில் புகை விட்டபடி ஒரு ரயில். அதற்கு ஏழு வருஷம் முன்பே, கோடரியின் அழிவு நாளுக்கு நாள் பெருகுகிறது என்று அச்சில் எழுதி வருந்தியவர் அவர். வந்தேறிக்கு என்ன உரிமை என்று அவர் நினைக்கவில்லை.

அவரைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. 1826-ல் காட்டர்ஸ்கில் அருவியை வரைந்தபோது, அங்கே ஏற்கெனவே சுற்றுலாக்காரர்களுக்காகப் போட்டிருந்த கைப்பிடிக் கம்பிகளை விட்டுவிட்டு, ஒரே ஒரு பூர்வகுடி மனிதரை மட்டும் பாறைமேல் நிறுத்தினார். அந்த ஹட்சன் ஆற்றங்கரை வட்டாரம் மொஹிக்கன் என்ற பூர்வகுடி மக்களின் பூமி. அவர்களில் பெரும்பாலோர் அதற்குள் மேற்கே தள்ளப்பட்டிருந்தார்கள். அழகுக்காக விட்டதையும் சேர்த்ததையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். குறிஞ்சியில் வாழ்ந்த மக்களைப் பேசாமல் குறிஞ்சியைப் பேசுவது நம் வழக்கமும் இல்லையே.

அவர் வரைந்த முறையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எண்ணெய் வண்ணம் தகரக் குழாயில் வந்தது 1841-க்குப் பிறகுதான். அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். அதைச் சுமந்து மலையேறுவது லேசில்லை. கோல் பென்சிலும் தாளுமாகப் போவார், நிறங்களை எழுத்தில் குறித்துக்கொள்வார், வீட்டுக்கு வந்தும் உடனே தொடமாட்டார். தேவையில்லாத விவரங்களைக் காலம் திரைபோட்டு மறைக்கட்டும் என்று காத்திருந்து, பிறகே வண்ணம் குழைப்பார்.

நான் கேட்பது இவ்வளவுதான். திணைப் பாடத்தை மனப்பாடத்தோடு விடாதீர்கள். வருஷா வருஷம் இலையுதிர் காலத்து ஃபால் கலர் பார்க்க எப்படியும் வடக்கே வண்டியை விடுகிறோம். அதில் ஒருநாள் காட்ஸ்கில் ஊரில் கோல் வாழ்ந்த வீட்டில் இறங்குவோம். இன்று அது காட்சியகம். மேற்குத் தாழ்வாரத்தில் நின்றால் அவர் பார்த்த அதே மலைவரிசை தெரியும். எதிர்க்கரையில் அவருடைய மாணவர் ஃபிரடெரிக் சர்ச் கட்டிய ஓலானா மாளிகை. நடுவே ரிப் வான் விங்கிள் பாலத்தில் நடந்தே ஆற்றைக் கடக்கலாம். போகும் வழியில் பீக்ஸ்கில், ஃபிஷ்கில் என்று பலகை வரும்போதெல்லாம், 'கில்' என்றால் டச்சு மொழியில் ஓடை என்று சொல்லிக்கொண்டே போகலாம். மெட்ரோபாலிட்டனுக்கு வேறொரு நாள் போவோம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை ஒதுக்கித் தாருங்கள். பயண ஏற்பாடும், முப்பது பேருக்குப் புளியோதரையும் என் பொறுப்பு. அந்தக் கேள்வி கேட்ட பெண்ணுக்கு முன்சீட்டு ஒன்று வேண்டும்.

அன்புடன்,
வார இறுதித் தமிழாசிரியை ஒருத்தி
நியூ ஜெர்சி