கிரைண்டரை மட்டும் அனுப்பல சாமி

சாமி,

அப்பாவோட டூல்ஸ் பெட்டியை பஸ் பார்சல்ல போடச் சொல்லி மாமாகிட்டக் கேட்டியாமா. மாமா வந்து சாவி கேட்டப்பதான் எனக்கே தெரியும். என்கிட்டயே கேட்டிருக்கலாம் கண்ணு. பெட்டி என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்குது.

எஸ்டீம் கார் இன்ஜின் ஹெட்ல காத்து போற வழியைச் செதுக்கற போர்ட்டிங் வேலையை, ரேஸுக்காக நீயே பண்றதா, ஆள்கிட்டக் குடுக்கறதான்னு ரோசனையில இருக்கியாம். அதுவும் மாமா சொல்லித்தான் தெரிஞ்சுது. வார நாள்ல பகல் 11 மணிக்குக் கூப்பிட்டாலும் உடனே போனை எடுக்கற, பின்னால கம்ப்ரஸர் ஓடற சத்தம் கேக்குது. ஆபீஸ்ல லீவு குடுத்திருப்பாங்க போல. சரி, அது இருக்கட்டும்.

அம்மாவுக்கு இதுல என்ன தெரியும்னு நினைக்காதே. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஆவாரம்பாளையம் பட்டறையில பில் புக் எழுதினவ நான். அப்பாவுக்குக் கண்ணு மங்கினதுக்கப்பறம் பியூரெட்ங்கற அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயைப் பார்த்து, ஹெட்ல எத்தனை சிசி கொள்ளுதுன்னு படிச்சுச் சொன்னதும் நான்தான். அதனால சொல்றேன். ரேஸுக்குப் போற ஹெட்ல கை பழகாதே. பழகணும்னா ஒரு ஸ்கிராப் ஹெட் வாங்கி அதுல பழகு. ஓட்டற ஹெட்டை, வேலை தெரிஞ்ச ஆள்கிட்டக் குடு.

போர்ட்டிங்னா வழியைப் பெருசாக்கறதுன்னுதான் பட்டறைக்கு வர்ற பசங்க எல்லாம் நினைச்சுட்டு வருவாங்க. அப்பா முதல் வேலையா அதைத்தான் மறுத்துப் பேசுவார். தண்ணிக் குழாய் வாயை விரல்ல அழுத்தினா எட்டிப் பாயுது, விட்டா காலடியிலயே கொட்டுது, அதுதான் காத்துக்கும்னு சொல்வார். அந்த வழியை, அதான் போர்ட்டை, அகலமாக்கினா காத்து வேகம் குறைஞ்சு, கீழ் ஆர்பிஎம்ல இழுவை போயிரும். செட்டிபாளையம் ரேஸ் டிராக் 2 கிலோமீட்டர் சொச்சம்தான், திருப்பம் ஜாஸ்தி. ஒவ்வொரு திருப்பத்துலயும் வேகம் குறைச்சு மறுபடி எடுக்கறப்ப இழுவை இல்லாம என்ன பண்ணுவே?

காத்து திணறுற இடம், வால்வு உக்கார்ற வளையம் இருக்கே, அந்த சீட்டுக்குக் கீழ இருக்கற அந்தக் கொஞ்ச இடம்தான். அங்க இருக்கற காஸ்டிங் விளிம்பைச் சீராக்கி, சீட்டுக்கு 30, 45, 60ன்னு மூணு கோணம் சுத்தமா வெட்டிட்டாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சுதுன்னு அப்பா சொல்வார். சீட்டுக்குக் கீழ குறுகற தொண்டையோட அளவு, வால்வு அளவுல 85லேர்ந்து 90 சதவீதத்துக்குள்ள நிக்கணும். அதைத் தாண்டினா சீட்டுக்குக் கீழ கோணம் வெட்டறதுக்கு இடமே இருக்காது. அந்த சீட்டை வீட்டுல வெட்ட முடியாது சாமி. மெஷினோட நடுக் கம்பி, பைலட்டுன்னு சொல்வாங்க, அது வால்வுத் தண்டு ஏறி இறங்கற கைடுக்குள்ளதான் உக்காரும். கைடு தேஞ்சிருந்தா சீட் கோணலாத்தான் விழும். அதனால முதல்ல கைடு, அப்பறம் சீட். எப்படியும் ஒருத்தர்கிட்டப் போய்த்தான் ஆகணும்.

ஷார்ட் சைடைத் தொடாதே. போர்ட் தரை வால்வுப் பக்கமா கீழே வளையற இடம் இருக்கு பாரு, அது. புதுக் கை அங்கதான் அழுத்தும். வளைவு சப்பையாச்சுன்னா காத்து தரையை ஒட்டித் திரும்பாம நேரா எகிறிரும். வெட்டினதைத் திருப்பி வைக்க முடியாது.

ஒரு பையன் வீட்டுலயே போர்ட்டிங் பண்ணின ஹெட்டைக் கொண்டு வந்தானே, ஞாபகம் இருக்கா? நீ அப்ப ஒன்பதாவது. பாத்தா அவ்வளவு அழகு, உள்ள முகம் தெரியுது. அப்பா வாட்டர் ஹோல் எல்லாம் அடைச்சு, காத்து குடுத்து, தொட்டித் தண்ணியில முக்கினார். மூணாவது போர்ட் தரையிலேர்ந்து சின்னச் சின்னக் குமிழி, ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துட்டே இருந்துது. கடுகளவு ஓட்டை, தண்ணி ஓடற வாட்டர் ஜாக்கெட்ல போய்த் திறந்திருக்கு. டிக் வெல்டிங் வைக்கலாம், ஆனா அந்தச் சூட்டுல ஹெட் கோணும், திருப்பி அடிப்பக்கத்தை மட்டமாச் சீவற ஃபேஸிங், திருப்பி சீட். அந்தப் பையன் வண்டி விக்கற காசுக்கு மேல ஆகும்னு அப்பா கணக்குப் போட்டுச் சொன்னப்ப அவன் ஒண்ணும் பேசல. நீ அவன் பக்கத்துலயே நின்னுட்டிருந்தே.

உன் ஹெட்ல 16 வால்வு. இன்டேக் 8, எக்ஸாஸ்ட் 8. ஒரு போர்ட்டை நல்லா வெட்டறது யாராலயும் முடியும். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி வரணும், அங்கதான் வேலை தெரிஞ்ச கையும் தெரியாத கையும் தனியாத் தெரியும். முதல் சிலிண்டரை ஆசையா வெட்டுவே. நாலாவதுக்கு வர்றப்பக் கை மரத்திருக்கும், கிரைண்டர் நுனியில சுத்தற பர்ரும் மழுங்கியிருக்கும். காத்து எவ்வளவு போகுதுன்னு அளக்கற ஃப்ளோ பெஞ்சு இல்லாம நாலும் ஒண்ணுன்னு நீ எப்படிச் சொல்லுவே?

உன்னால முடியாதுன்னு சொல்லல கண்ணு. உன் கை அப்பா கை. நீ படிச்ச சிசியை அப்பா ஒரு தடவை கூடத் திருப்பிப் பார்த்ததில்ல. என்னுதைத் திருப்பிப் பார்ப்பார். அப்படி இருந்த பிள்ளை இப்ப அப்பா பெட்டியை மாமா மூலமாக் கேக்குது.

உனக்கு எத்தனையோ வேலை இருக்குது இதுல. ஹெட்டை நீயே கழட்டு. கார்பனை நீயே எடு. மார்க்கிங் புளூ மை தடவி, கேஸ்கெட்டை வச்சுக் கீறி, ஹெட்டோட சேர்ற மேனிஃபோல்ட் குழாய் வாயும் ஹெட் வாயும் ஒண்ணா வர்ற அளவுக்கு மட்டும் நீயே பண்ணு. பர்ர்ல அலுமினியம் அடைக்காம அப்பப்ப மெழுகுல தொட்டுக்கோ. சீட்டுல கிரைண்டர் பட்டுராம பழைய வால்வைப் போட்டு வச்சுக்கோ. இன்டேக்கைப் பளபளன்னு ஆக்காதே, 80 நம்பர் எமரியோட நிறுத்து, இல்லேன்னா பெட்ரோல் சுவத்துல ஒட்டி வழியும். பளபளப்பு வேணும்னா எக்ஸாஸ்ட்ல பண்ணிக்கோ, அங்க பளபளன்னு இருந்தா கார்பன் அவ்வளவாப் பிடிக்காது. சீட், கைடு, தொண்டை மூணையும் ஆள்கிட்டக் குடு. வந்ததும் பெட்ரோல் எரியற சேம்பரோட சிசியை நீயே அளந்து பார்த்துட்டுப் பூட்டு.

ஆளைப் பார்க்கறப்ப எத்தனை குதிரைசக்தி ஏறும்னு கேக்காதே. பெஞ்சு இருக்கான்னு கேளு. வெட்டறதுக்கு முன்னால ஒண்ணு, வெட்டினப்பறம் ஒண்ணு, வால்வு திறக்கற ஒவ்வொரு லிஃப்ட் அளவுலயும் ரீடிங் எழுதிக் குடுப்பாரான்னு கேளு. ரெண்டும் 28 இஞ்சு தண்ணி அழுத்தத்துலயே எடுத்ததான்னு பாரு. எழுதிக் குடுக்கத் தயங்கறவர்கிட்ட ஹெட்டை விட்டுட்டு வராதே. அதுக்கும் முன்னால கார் ரேஸுக்கு விதி போடற எஃப்எம்எஸ்சிஐ சங்கத்தோட ரூல் புக்கைப் படி. சில கிளாஸ்ல போர்ட்டைத் தொட்டிருந்தாலே வண்டியைச் சோதிக்கற ஸ்குரூட்டினியில வெளிய நிறுத்திருவாங்க. நீ எந்தக் கிளாஸ்ல ஓட்டறேன்னு மாமாவுக்குச் சொல்லத் தெரியல.

மாஸ்க் போடு. கண்ணாடி போடு. எப்படியும் நீ கிரைண்டரைப் பிடிக்காம இருக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும், அதனால சொல்றேன். பர்ர்ல வர்ற சில்லு சட்டைத் துணியில குத்தி நிக்கும், கண்ணுல பட்டா என்ன ஆகறது? எமரி ரோல் போடறப்ப வர்ற தூசி கண்ணுக்கே தெரியாது. அப்பா கைக்குட்டையைக் கட்டிட்டுத்தான் கடைசி வரைக்கும் வேலை பண்ணினார். ராத்திரி இருமினது உன் ரூம் வரைக்கும் கேட்டிருக்கும். நல்ல மாஸ்கா வாங்கு, மெடிக்கல்ல விக்கற துணி மாஸ்க் வேணாம். ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டுப் பண்ணாதே. யார் ரூம்ல இருக்கே, அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றே, அதுவும் சொல்லமாட்டேங்கற.

பார்சல்ல பியூரெட், நடுவுல ஓட்டை போட்ட பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் தகடு, புளூ டப்பா, அப்பாவோட வால்வு ஸ்பிரிங் கிளாம்ப் எல்லாம் வச்சிருக்கேன். பியூரெட்டைப் பழைய துண்டுல சுத்தியிருக்கேன், பார்த்துப் பிரி. கிரைண்டரையும் பர்ர் டப்பாவையும் வைக்கல. அதை வந்து எடுத்துக்கோ. உக்கடத்துல எஸ்டீம் ஸ்கிராப் ஹெட் ஒண்ணு பார்த்து வைக்கச் சொல்லி மாமாகிட்டச் சொல்லியிருக்கேன். பட்டறையில கரண்ட் இன்னும் இருக்குது, கம்ப்ரஸர் பெல்ட்டு மட்டும் மாத்தணும். எத்தனை நாள் வேணும்னாலும் இருந்து பழகு. லீவு போட வேண்டியிருந்தாப் போட்டுட்டு வா. போட வேண்டியதில்லேன்னாலும் வா சாமி, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.

ரசீதை மாமா வாட்ஸப்ல அனுப்புவார். பியூரெட் உடையாம வந்துதான்னு எனக்குப் போன் பண்ணு, மாமாவுக்கு இல்ல.

அம்மா